மிகச் சிறந்த பத்துப் பேர்

பாலத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்த பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் ஐம்பது காசு. ஆயிரத்து நூற்று நாற்பது உலக உருண்டைக்கு. ஐம்பது காசு, அதைத் தாங்கி நின்ற இரும்புக் காலின் திருகாணிக்கு. உருண்டையை உடைத்தது என் இளைய மகள். திருகாணியைத் தொலைத்ததும் அவளேதான்.

உடைத்தாள் என்றால் கீழே போட்டு உடைக்கவில்லை. உருண்டையின் நடு வயிற்றில் ஒரு கோடு ஓடுமல்லவா, அந்தக் கோட்டில் ஸ்கேலை நுழைத்து, டப்பா மூடியைத் திறப்பதுபோல் திறந்து பார்த்திருக்கிறாள்.

"உள்ள என்னடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒன்னுமே இல்லப்பா. வெறும் காத்து. இதுக்குப் போய் ஆயிரம் ரூபாயாம்."

மேல் பாதியில் பியூன் சாக்பீஸ் துண்டுகளைப் போட்டு வைத்தார். கீழ்ப் பாதியால் செடிகளுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். ஆக உலகத்தின் இரண்டு பாதியும் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. கடன் மட்டும் சும்மா என் தலையில் உட்கார்ந்திருந்தது.

நான் கைவண்டி இழுக்கிறவன். இரும்புக் கடைத் தெருவில் காலையில் வண்டியைப் பிடித்தால் பொழுது சாயும்போதுதான் விடுவேன். விட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் பிடித்தபடியேதான் இருக்கும். ஆயிரம் ரூபாயை மொத்தமாகக் கையில் வைத்திருந்த நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்தில் ஏதாவது சுமக்க வேண்டியிருந்தால் கூலி வாங்காமல் சுமந்து கொடுத்து, ஹெட்மாஸ்டர் முகம் கடுக்காமல் பார்த்துக்கொண்டேன். அவரும் கூலியைக் கடனில் கழிக்கவில்லை. "அது வேற கணக்கு, இது வேற கணக்கு" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது.

எங்கள் பகுதியில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று மேம்பாலத்துக்கு அடியில். இன்னொன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். நகரத்திலேயே மதிப்பெண் பட்டியலில் கடைசி இடம் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான். ஒரு வருடம் இவர்கள் என்றால் மறு வருடம் அவர்கள். உத்தரவு என்ன சொன்னதென்றால், இரண்டு பள்ளியும் கைகோத்துத் தரத்தை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன்னுடைய மிகச் சிறந்த பத்து மாணவர்களை ஒரு பருவத்துக்கு மற்றப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவர்களைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் தேறுவார்கள். கடைசியில் ஒரு வரி: மாணவர்கள் தத்தம் பெஞ்சுகளுடன் செல்ல வேண்டும்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து பெஞ்சு. இங்கிருந்து ஐந்து அங்கே, அங்கிருந்து ஐந்து இங்கே. எல்லாம் ஒரே தச்சர் அடித்தவை, ஒரே பச்சை பெயின்ட்.

"ஏன் சார், அந்த அஞ்சு அங்கயே இருக்கட்டும், இந்த அஞ்சு இங்கயே இருக்கட்டும். பிள்ளைங்க மட்டும் நடந்து போனா போதாதா?" என்று பியூனிடம் கேட்டேன்.

"உத்தரவுல இருக்கறதைச் செய்யணும்ப்பா. யோசிக்கணும்னு அதுல எங்கயும் போடல" என்றார்.

நான் பெஞ்சு ஏற்றுவதற்கு முந்தைய நாள் ஹெட்மாஸ்டர் ஒரு தாளை என்னிடம் கொடுத்து, டைப் அடிக்கும் கடையில் கொடுத்துவரச் சொன்னார். மடிக்கக்கூட இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்து நோட்டில் நான் கைநாட்டுத்தான் வைப்பேன். நாற்பது வயதுக்கு மேல் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன், இவர் வருவதற்கு முன்னால். ஆனால் கையெழுத்துப் போடுவதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிடுகிறார்கள். பெருவிரல் என்றால் ஒரே அழுத்து.

பாலத்து ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் படித்தேன். தலைப்பை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மூன்று லாரிகள் என்னைத் திட்டிவிட்டுப் போயின. 'எத்தனை வருடம் வைத்திருந்தாலும் தேறாதவர்கள்' என்று முதலில் எழுதி, அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே 'மிகச் சிறந்த மாணவர்கள்' என்று எழுதியிருந்தார். கீழே பத்துப் பெயர். பெயர்களில் மாற்றம் ஒன்றும் இல்லை. மூன்றாவது பெயர் என் மகளுடையது. பக்கத்தில் பென்சிலால் 'உருண்டை' என்று ஒரு குறிப்பு.

சிமெண்ட் மூட்டை முதுகில் விழுந்தால்கூட எப்படியாவது நிமிர்ந்துவிடுவேன். அந்த ஒரு வரியிலிருந்து நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தாளைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அடித்த வரியை விட்டுவிட்டு அடிக்காத வரியை மட்டும் டைப் செய்தார். தொழில் சுத்தம்.

பத்துப் பெயரையும் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கே வாசித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் என் மனைவி தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, சொல்ல ஆளில்லாமல் எனக்காகக் காத்திருந்தாள்.

"பாத்தீங்களா? இவளை உதவாக்கரைன்னு சொன்னீங்களே. பள்ளிக்கூடமே பத்துல ஒன்னாப் பொறுக்கி எடுத்திருக்கு."

"நான் எப்ப சொன்னேன்?"

"வாயால சொல்லல. மூஞ்சியால சொன்னீங்க. உருண்டை உடைஞ்ச அன்னிலேருந்து ஒரு வாரம் அதே மூஞ்சி."

மகள் என்னைப் பார்த்தாள். "நிஜமாவே நான் நல்லா படிக்கிறேனாப்பா? எனக்கே தெரியல."

"பெரியவங்க பாத்துத்தானே எழுதியிருப்பாங்க" என்றேன். அது பொய்யில்லை. பார்த்துத்தான் எழுதியிருந்தார்.

மறுநாள் எங்கள் ஐந்து பெஞ்சை அங்கே இறக்கிவிட்டு, அவர்களுடைய ஐந்து பெஞ்சை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தொட்டிப் பள்ளியின் பெரிய டீச்சர் தங்கள் பட்டியலை என் கையில் கொடுத்தார். அவர்தான் அங்கே தலைமை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தொட்டி கசிந்து கசிந்து சுவர், தரை, தாள் எல்லாமே ஈரம். தலைப்பின் மேல் ஒட்டியிருந்த துண்டுத்தாள் ஏற்றத்தில் போகும்போதே கழன்று என் கையோடு வந்துவிட்டது. அடியில் 'எங்கேயாவது போனால் சரி' என்று இருந்தது. பதறிப்போய் நாக்கால் நனைத்துத் துண்டைத் திரும்ப ஒட்டினேன்.

அதாவது இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. கல்வி அலுவலகம் கேட்ட ஒத்துழைப்பு முதல் நாளே வந்துவிட்டது, அவர்கள் இருவருக்கும் தெரியாமல். தெரிந்தது கைவண்டிக்காரனுக்கு மட்டும். நான் வாயைத் திறந்தால் என் மகள் மறுபடியும் பென்சில் குறிப்பாகிவிடுவாள். அதனால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் இரண்டு பக்கமும் மூட்டை இறக்கப் போகும்போது பார்த்ததுதான்.

பாலத்தடிப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே கனரக லாரி போனால் ஒன்றும் கேட்காது. ஆகவே டீச்சரும் பிள்ளைகளும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்தபடியே காத்திருந்து, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தொட்டிப் பள்ளியில் லாரி கிடையாது. ஆனாலும் எங்கள் பத்துப் பேரும் பழக்க தோஷத்தில் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி, மேலே பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

பெரிய டீச்சர் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். "எங்க பிள்ளைங்க கேள்வி முடியறதுக்குள்ள உளறிடும்" என்று என்னிடமே சொன்னார். "இவங்க எப்படி நிதானமா, யோசிச்சு, அண்ணாந்து பாத்துப் பதில் சொல்றாங்க பாருங்க. அதுவும் எவ்வளவு தெளிவான குரல்."

தெளிவான குரல் என்றது கத்தலை. பாலத்தடியில் கத்தாவிட்டால் வருகைப் பதிவில்கூடப் பெயர் விழாது.

இந்தப் பக்கம் வந்த பத்துப் பேர் வேறு மாதிரி. ஈரத் தரையில் வளர்ந்தவர்கள், பெஞ்சில் உட்கார்ந்தாலே காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார்கள். முதுகு நேராக நிற்கும். நோட்டை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள், கீழே வைத்தால் ஊறிவிடுமே. ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு பியூனிடம் மெதுவாகச் சொன்னார்: "தியானத்துல உக்காந்த மாதிரி இருக்கு. புத்தகத்தை மடியை விட்டு இறக்கறதில்ல. அந்தம்மா எப்படியோ வளத்திருக்காங்க."

ஒருவன் வகுப்பில் தூங்கினான். கணக்கு வாத்தியார் எழுப்பப் போனபோது ஹெட்மாஸ்டர் தடுத்தார். "மிகச் சிறந்த மாணவன் தூங்கறான்னா நம்ம பாடம் அவனுக்குப் பத்தலைன்னு அர்த்தம். கொஞ்சம் ஏத்துங்க."

வாத்தியார் ஏற்றினார். அதற்கு அவரே வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் என் வண்டியை நிறுத்தி, "பின்னம் வகுக்கறது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இரும்புக் கம்பி பாதி, கால் என்று வெட்டி ஏற்றுவதால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே போனார். கம்பிக் கணக்காகச் சொல்லிக்கொடுத்ததும் தூங்கினவன் விழித்துக்கொண்டான்.

என் மகள் கதைதான் எனக்குக் கவலை.

"அப்பா, அங்க கண்ணாடி அலமாரில உலக உருண்டை இருக்குப்பா. சாவியை எங்கிட்ட குடுத்துட்டாங்க."

தம்ளரைக் கீழே வைத்தேன். "எதுக்கு உங்கிட்ட?"

"சிறந்த மாணவியாச்சே. சின்ன வகுப்புக்கு நான்தான் பூகோளம் சொல்லணுமாம்."

"அடியே, அதைத் திறந்து கிறந்து பாக்காத."

"அதுல திறக்கற மாதிரி கோடே இல்லப்பா. முதல் நாளே பாத்துட்டேன்."

அவளுக்கு வேறு கவலை. "நாளைக்கு மலையைப் பத்திச் சொல்லணும். எனக்கு ஒரு மலையும் தெரியாது. தெரியலன்னு சொன்னா நம்ம பள்ளிக்கூடத்து மானம் போயிடும்." ஹெட்மாஸ்டர் மானத்தைக் காப்பாற்ற என் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலை முடிந்தது, ஆறு வந்தது. ஆறு முடிந்து பாலைவனம் வந்தது. சந்தேகம் வந்தால் பெரிய டீச்சரிடம் போய் நின்றாள். அவரும், இவ்வளவு தெரிந்த பிள்ளையே கேட்கிறது என்றால் கேள்வி கடினமாகத்தான் இருக்கும் என்று, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். என் மனைவி அடுப்படியிலேயே கண்டங்களை மனப்பாடம் செய்துவிட்டாள். நான் சோறு கேட்டால், "இருங்க, இன்னும் ரெண்டு கண்டம் பாக்கி" என்றாள்.

ஒரு நாள் மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த உருண்டைல காத்துத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன்ல. ஆனா நிஜ பூமிக்குள்ள நெருப்பு இருக்காம்ப்பா. அன்னிக்கு நான் தேடினது தப்பில்ல."

தப்பில்லை என்று நானும் சொன்னேன். அவள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு ஆசை பிடித்தது. திரும்பிப் போனால் அவள் பெயர் 'உருண்டை'. அங்கே அவளிடம் சாவி.

பருவம் முடிந்தது. பெஞ்சுகளையும் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பும் நாளும் வந்தது. தொட்டிப் பள்ளியிலிருந்து ஐந்து பச்சை பெஞ்சை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெரிய டீச்சர் மதிப்பெண் தாள்களுடன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். வழியெல்லாம் பெருமூச்சு. ஏற்றம் இழுத்த நான்கூட அவ்வளவு மூச்சு விடவில்லை.

ஹெட்மாஸ்டர் அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெஞ்சை எங்கே இறக்குவது என்று கேட்க நான் வாசலில் நின்றேன். யாரும் சொல்லவில்லை. அதனால் நின்றுகொண்டே இருந்தேன்.

ஹெட்மாஸ்டர் மதிப்பெண் தாளைப் பார்த்தார். தன்னுடைய தேறாதவர்கள் அறுபதும் எழுபதும் வாங்கியிருந்தார்கள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் பெரிய டீச்சரை இரக்கத்தோடு பார்த்தார். இதுகளே அங்கே எழுபது வாங்குகிறது என்றால் அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தது நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் இருந்தது. பெரிய டீச்சரும் இந்தப் பக்கத்து மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு அதே இரக்கத்தோடு அவரைப் பார்த்தார்.

"டீச்சர், உங்க பத்துப் பேரைத் திருப்பி அனுப்பணும்னு நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கமே வரல" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எனக்கும்தான் சார். உங்க பத்துப் பேர் இல்லாம என் பள்ளிக்கூடமே வெறிச்சுன்னு ஆயிடும்."

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அவங்கவங்க அங்கங்கயே இருந்துட்டா?"

"நிரந்தரமாவா?" பெரிய டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சட்டென்று நினைவு வந்தவர்போல் பின்னால் சாய்ந்துகொண்டார். "என் மிகச் சிறந்த பத்துப் பேரை விட்டுக்குடுக்கறது லேசுப்பட்ட காரியமா சார்?"

"எனக்கு மட்டும் லேசா? என் கண்ணு மாதிரி பிள்ளைங்க. ஆனா தரம் உயரணும்னா தியாகம் வேணும்ல."

"நீங்களே தியாகம் பண்றப்ப நான் மட்டும் எப்படி..."

மேலே லாரி போயிற்று. இருவரும் நிறுத்திக் காத்திருந்தார்கள். சத்தம் ஓய்ந்ததும் ஒரே நேரத்தில், "சரி" என்றார்கள். இருவர் முகத்திலும், நொண்டி மாட்டை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவனின் சந்தோஷம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே டீ குடித்தார்கள்.

ஒரு கையெழுத்து விழுந்தால் போதும், என் மகள் அங்கேயே இருந்துவிடுவாள்.

கிளார்க் மாற்றுச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வந்தார்; ஹெட்மாஸ்டர் முதல் நாளே எழுதச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. கூடவே தடியான நோட்டு.

"ஒன்பது பேருக்கு டி.சி. ரெடி சார். ஒரு பிள்ளைக்குப் போட முடியாது. பாக்கி நிக்குது. ஆயிரத்து நூத்தி நாப்பது ரூபா அம்பது காசு."

"எந்தப் பிள்ளை?" என்றார் பெரிய டீச்சர்.

கிளார்க் பெயரைச் சொன்னார். பெரிய டீச்சர் டீயை வைத்துவிட்டார். "அவளா? என் அலமாரிச் சாவியே அவகிட்டதான் இருக்கு. அவளுக்கு என்ன பாக்கி?"

"உலக உருண்டைம்மா. அதை அவ..."

ஹெட்மாஸ்டர் இருமினார். கிளார்க் நிறுத்தவில்லை. நோட்டில் இருப்பதைச் சொல்வதுதான் அவர் தொழில். "ஸ்கேலை விட்டு..." என்று ஆரம்பித்தார். ஹெட்மாஸ்டர் இன்னும் பலமாக இருமினார்.

பெரிய டீச்சர் முகம் மாறியது. "சார், நடத்தை முதல் தரம்னு நீங்கதானே எழுதி அனுப்பினீங்க? உடைக்கிற பிள்ளையையா அனுப்பினீங்க? அப்ப மத்த ஒன்பது பேரும்?"

ஒரு நூல் இழுத்தால் மொத்தச் சட்டையும் பிரிந்துவிடும். அறைக்குள் போய் இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். "சார், முந்நூத்திப் பத்து ரூபா இருக்கு. இதை இப்ப வெச்சுக்குங்க. மிச்சத்தை வாரா வாரம் கட்டிடறேன். பிள்ளைக்குச் சீட்டை மட்டும் போட்டுக் குடுங்க."

"நீ சும்மா இருப்பா" என்றார் ஹெட்மாஸ்டர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "உன்கிட்ட யாரு பணம் கேட்டா? பணத்தை உள்ள வை." நாலு மாதமாகக் கேட்டவர் அவர்தான். "டீச்சர், கிளார்க் தப்பாப் படிச்சிட்டார். அது பாக்கி இல்ல. தேய்மானம்."

"தேய்மானமா?"

"அந்தப் பிள்ளைக்குப் பூகோளத்துல அவ்வளவு ஆர்வம். தொட்டுத் தொட்டு, சுத்திச் சுத்திப் படிச்சதுல உருண்டை தேஞ்சு போச்சு."

"ரெண்டாப் பொளந்துல்ல சார் கிடக்கு" என்றார் கிளார்க். "தேஞ்சா ரெண்டாகுமா?"

"தேஞ்சு தேஞ்சு ரெண்டாச்சு. எழுதுங்க."

பெரிய டீச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நம்பறேன் சார். எங்ககிட்ட இருக்கிறதுலயும் பெயின்ட் லேசா போயிருக்கு."

கிளார்க் சிவப்புப் பேனாவை எடுத்து, 'மாணவி அளவுக்கு மீறிப் படித்ததால் தேய்ந்தது, ரூபாய் ஆயிரத்து நூற்று நாற்பது தள்ளுபடி' என்று எழுதினார். எழுதிவிட்டு மூடியைப் போடாமல் காத்திருந்தார்.

"அப்புறம் என்ன?"

"அம்பது காசு சார். திருகாணி தேயலையே. தொலைஞ்சுல்ல போச்சு."

ஹெட்மாஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு உருண்டை உடைந்திருக்கும். நான் முந்திக்கொண்டு ஒரு ரூபாய் நாணயத்தை மேஜைமேல் வைத்தேன்.

"சில்லறை இல்லப்பா" என்றார் கிளார்க்.

"மிச்சம் வேணாம் சார்."

"வேணாம்னா எப்படி? அதிகமா வாங்கக் கூடாது. கணக்குல அம்பது காசு தூக்கி நிக்கும். ஆடிட்ல கேப்பாங்க."

"ரெண்டு திருகாணின்னு எழுதித் தொலைங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

கிளார்க் ஒரு நிமிடம் யோசித்தார். அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. 'திருகாணி, இரண்டு, ரொக்கம் பெறப்பட்டது' என்று எழுதி, கீழே ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டு, என் பெயரிலிருந்த கணக்கை மூடினார்.